வைண்டிங் நோட்டை ஊருக்கே கொடுத்துவிடலாமா? மதுரைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

திருமங்கலம் வைண்டர்:

வணக்கம். திருமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுகிற வேலை. கடை போட்டு 22 வருஷம் ஆகிறது. எந்த மோட்டாரைப் பிரித்தாலும் எத்தனை ஸ்லாட் (காயில் உட்காருகிற பள்ளம்), எத்தனை போல் (காந்த முனை), என்ன கேஜ் (பருமன்) கம்பி, காயிலுக்கு எத்தனை சுற்று, பிட்ச் என்ன (காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது), இணைப்பு ஸ்டாரா டெல்டாவா என்று எழுதி வைப்பது என் பழக்கம். அப்படியே நாலு நீள நோட்டு நிரம்பிவிட்டது. மகனுக்கு இதில் நாட்டம் இல்லை, கணினி வேலைக்குப் போய்விட்டான். கோபப்படவும் முடியாது, படி படி என்று விரட்டியது நான்தான்.

நாலு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற மாதிரி போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். போன வாரம் டீ குடிக்கும்போது தெரிந்த கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். ஒருத்தர் சிரித்தார். இன்னொருத்தர் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஏன் இந்த யோசனை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் கற்ற பட்டறையில் யாரும் எனக்கு எண்ணிக்கை சொன்னதில்லை. காயில் சுற்றுகிற கை மிஷினில் ஒரு கவுண்டர் இருக்கும், சுற்றுக்கு ஒரு எண் தள்ளும். மேஸ்திரி அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் சுற்ற ஆரம்பிப்பார். எங்களை எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து ஸ்லாட்டுக்குள் காப்பாக வைக்கிற லெதராய்டு பேப்பர் வெட்டச் சொல்வார். வெட்டிக்கொண்டே, கவுண்டர் ‘டக், டக்’ என்று விழுவதைக் காதால் எண்ணுவேன். நடுவில் யாராவது கடைக்கு வந்து பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போச்சு. மறுபடி அதே மாடல் கடைக்கு வருகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு ஐந்து ஹெச்பி மோட்டாரின் கணக்கைப் பிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

மேஸ்திரி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். போன தையில் பரணை ஒதுங்கவைத்தபோது அவர் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு அவருடைய நோட்டைக் கொடுத்தார்கள். வாங்கிப் பிரித்தால் மண்ணாக உதிர்கிறது. கரையான். அட்டையும் நடுவில் பதினைந்து, இருபது தாளும்தான் மிச்சம். அவ்வளவு துண்டு போட்டு மூடியது கடைசியில் அதற்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போடலாமா, வேண்டாமா? உள்ளதைச் சொல்லுங்கள்.

நாற்பது வருஷக் கடை:

தம்பி, நானும் இதே தொழில்தான், மேலூர்ப் பக்கம். உன் மனசு நல்ல மனசு. ஆனால் போடாதே.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறான்? கம்பிக்குக் கொடுக்கிறான், கூலிக்குக் கொடுக்கிறான், அப்புறம் நமக்குத் தெரிந்திருப்பதற்குக் கொடுக்கிறான். அந்த மூன்றாவதை நீ சும்மா தூக்கிக் கொடுத்தால், நாளைக்கு ஒரு பையன் ஒரு மிஷினும் ஒரு போனும் வைத்துக்கொண்டு உன் கடைக்கு எதிரிலேயே உட்காருவான். முந்நூறு ரூபாய் குறைத்து வாங்குவான். அவன் கட்டின மோட்டார் இரண்டு மாதத்தில் எரியும். விவசாயி என்ன சொல்வான்? ‘அந்தப் பையன் சரியில்லை’ என்றா? ‘வைண்டிங்கே சரிப்பட்டு வராது, புதுசு வாங்கிடுவோம்’ என்பான்.

உன் மேஸ்திரி துண்டு போட்டு மூடினார் என்று குறைப்படுகிறாய். அந்தத் துண்டில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்.

கொடிக்கால்:

நான் தொழில்காரன் இல்லை, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்கால் மண் காயக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். போன சித்திரையில் மூன்று கரண்ட் லைனில் ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடி மோட்டார் புகைந்துவிட்டது. அது பழைய மாடல். அதைக் கட்டத் தெரிந்தவர் எங்களுக்குத் தெரிந்து ஒருத்தர்தான். அவர் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போய்விட்டார். மற்ற கடைகளில் ‘இந்த மாடல் பழக்கமில்லை, விட்டுவிட்டுப் போங்க, பார்ப்போம்’ என்றார்கள். ஐந்து நாள். பக்கத்துத் தோட்டத்து ஆயில் இன்ஜினை வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். ஓரத்து வரிசைகளில் இலை மஞ்சளடித்துவிட்டது.

அந்த நோட்டு அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தன் கையில் இருந்திருந்தால் ஒரே நாள் வேலை. போடுங்கள் அண்ணே.

நாற்பது வருஷக் கடை:

கொடிக்கால்காரரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கொடிக்கால் வித்தையை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறீர்களா?

கொடிக்கால்:

உண்மையைச் சொன்னால், இல்லை ஐயா. விதைக்கொடி எந்த ஊரில் வாங்கினோம் என்று கேட்டால், வாங்கின ஊருக்கு இரண்டு ஊர் தள்ளித்தான் சொல்வோம். எங்கள் அப்பா காலத்துப் பழக்கம்.

கோரிப்பாளையம்:

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன கை அவருடையது, அதை வைத்துக்கொண்டே அறுவை செய்து பழகினார். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது வேறு ஒன்று. 1992இல் லைக்கோ என்று ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். தங்கள் ஆஸ்பத்திரி எப்படி ஓடுகிறது, ஒரு நாளில் இத்தனை அறுவை எப்படி முடிகிறது, காசு கொடுப்பவர்கள் கொடுப்பதில் இலவச சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அதன் வேலை. வெளிமாநிலம், வெளிநாடு என்று ஆட்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். அதே வருஷம்தான் ஆரோலேப் ஆரம்பித்து, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே குறைந்த விலைக்குச் செய்தார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து அரவிந்தில் கூட்டம் குறைந்துவிட்டதா? காலையில் அண்ணா நகர்ப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நாற்பது வருஷக் கடை:

அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கும் மரியாதை உண்டு. என் அம்மாவுக்குப் புரை எடுத்தது அங்கேதான். ஆனால் கணக்கை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். கண்ணில் புரை விழுந்தவர்கள் இன்னும் ஊர் ஊராக இருக்கிறார்கள். நூறு ஆஸ்பத்திரி வந்தாலும் நூற்றுக்கும் ஆள் உண்டு. அங்கே சொல்லிக் கொடுத்தால் யார் சோறும் குறையாது. என் ஊரில் மாதத்துக்கு எரிகிற மோட்டார் எத்தனை என்று எனக்குத் தெரியும். அதை நாலு கடை பிரித்துக்கொள்கிறோம். ஐந்தாவது கடை வந்தால் ஐந்தாகத்தான் பிரியும். புது மோட்டார் ஒன்றும் எரியப்போவதில்லை.

கோரிப்பாளையம்:

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை ஐயா. யோசித்துவிட்டு வருகிறேன்.

உசிலம்பட்டி எலெக்ட்ரிக்கல்ஸ்:

நான் இரண்டு பக்கமும் சேராமல் ஒரு விஷயம் சொல்கிறேன். நோட்டைப் போடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அனுபவப்பட்டவன் நான்.

வாட்ஸப் குழு ஒன்றில் யாரோ ஒரு தாளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஐந்து ஹெச்பி. என் கையில் இருந்ததும் ஐந்து ஹெச்பி, அதே கம்பெனி, அதே ஸ்லாட் எண்ணிக்கை. பழைய காயில் கரியாகிப்போய் எண்ண முடியாத நிலை. சரி, தெய்வமாகப் பார்த்து அனுப்பியது என்று தாளில் உள்ளபடியே கட்டினேன். வார்னிஷ் போட்டு, காயவைத்து, லோடு இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் கரண்டை அளக்கிற டாங் டெஸ்டர் ஃபுல் லோடு கரண்டுக்குப் பக்கத்தில் காட்டுகிறது. கால் மணி நேரத்தில் பாடியில் கை வைக்க முடியவில்லை. அவ்வளவு கம்பியையும் அறுத்துப் போட்டுவிட்டு என் கைக்காசில் மறுபடி கட்டினேன். படம் போட்ட புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது.

திருமங்கலம் வைண்டர்:

உசிலம்பட்டி அண்ணே, அந்தத் தாளில் கோர் நீளம் எழுதியிருந்ததா?

உசிலம்பட்டி எலெக்ட்ரிக்கல்ஸ்:

இல்லை.

திருமங்கலம் வைண்டர்:

அதுதான். படிக்கிற தம்பிகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஹெச்பி ஒன்று, ஸ்லாட் ஒன்று என்பதால் மோட்டார் ஒன்றாகிவிடாது. ஒரே கம்பெனி ஒரு வருஷம் ஸ்டேட்டர் கோரை, அதாவது காயில் உட்காருகிற இரும்பை, நீளமாகப் போடும், இன்னொரு வருஷம் குறைத்துவிடும். கோர் குட்டையானால் காந்தம் போக இரும்பு குறைவு. அதே வோல்டேஜைத் தாங்க அதற்குச் சுற்று கூடுதலாக வேண்டும். நீளக் கோரின் கணக்கைக் குட்டைக் கோரில் போட்டால் இரும்பு நிரம்பிப்போய், வேலையே செய்யாமல் சும்மா ஓடும்போதே கரண்டை இழுக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். அதனால் கோர் நீளமும் உள்விட்டமும் இல்லாத கணக்கு எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் தொடக்கூடாது.

இன்னொன்று. நாம் பிரிக்கிற மோட்டாரில் பாதி ஏற்கெனவே எவரோ கட்டியது. அவர் தப்பாகக் கட்டியிருந்தால், அதை எண்ணி எழுதுகிற நாமும் தப்பையே எழுதுவோம். என் நோட்டில் ஓரத்தில் ‘க’ என்று இருந்தால் கம்பெனி வைண்டிங், நானே முதல்முதலாகப் பிரித்தது. ‘ப’ என்றால் பழைய வைண்டிங், நம்பாதே என்று அர்த்தம். ‘ம’ என்றால் கம்பி மாற்றிக் கட்டியது. உதாரணமாக, 17 கேஜ் ஒற்றைக் கம்பி கிடைக்காதபோது 19 கேஜ் இரட்டையாகப் போட்டிருப்பேன். 1.42 மில்லிமீட்டர் கம்பி ஒன்றும் 1.02 கம்பி இரண்டும் பரப்பில் ஏறத்தாழ ஒன்றுதான், வளைக்கவும் சுலபம். மூன்றாவது நோட்டில் சில இடத்தில் ‘தீ’ என்று இருக்கும். நான் கட்டி எரிந்து திரும்பி வந்தவை. ஏன் எரிந்தது என்று பின்னால் தெரிந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

நாற்பது வருஷக் கடை:

அதையுமா போடப்போகிறாய்? உன் வாடிக்கைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?

திருமங்கலம் வைண்டர்:

பார்க்கட்டும் ஐயா. உசிலம்பட்டி அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு, முதலில் போட வேண்டியதே அந்தப் பக்கங்கள்தான் என்று தோன்றுகிறது.

விளக்குத்தூண் விக்கி:

இறைக்கிற கிணறுதான் ஊறும்! தயங்காமல் போடுங்க பாஸ்!

நாற்பது வருஷக் கடை:

தம்பி, எங்கள் பக்கம் கிணறெல்லாம் தூர்ந்து போச்சு. 800 அடி போர். இறைத்தால் காற்றுதான் வரும்.

விளக்குத்தூண் விக்கி:

ஹாஹா, சரண்டர் ஐயா. அப்படியே ஜிகர்தண்டாவுக்குப் பால் எவ்வளவு சுண்டவைக்க வேண்டும், கடல்பாசி எவ்வளவு என்று யாராவது ரகசியத்தை உடைத்தால் நானும் கீழவாசலில் ஒரு கடை போடுவேன்.

மட்டுறுத்துநர்:

ஜிகர்தண்டாவுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே மோட்டார் மட்டும்.

செல்லூர் அக்கா:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் வீட்டிலிருந்தே மிக்ஸி ஆர்மேச்சரும் ஃபேன் காயிலும் கட்டுகிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு மாமனார் சொல்லிக் கொடுத்தார். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கண் மங்கிப்போச்சு, மெல்லிய கம்பி தெரியவில்லை. என் கண் தேவைப்பட்டது. பிறகு ஆபரேஷன் முடிந்து பார்வை நன்றாக வந்ததும் ‘நீ போய் அடுப்பைப் பார்’ என்றார். எனக்குத் தெரிந்தது தெரிந்ததுதானே, திரும்பவா வாங்க முடியும்?

பெரியவர் பயப்படுகிற அளவுக்கு எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. கை வேண்டும். ஒன்று சொல்கிறேன். ஸ்லாட்டுக்குள் பேப்பர் வைக்கிறோம் இல்லையா, அது ஸ்லாட்டை விட இரண்டு பக்கமும் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கிற அந்த ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும், சட்டைக் கையை மடிக்கிற மாதிரி. மடிக்காமல் வைத்தால், காயிலை இறக்கித் தட்டும்போது பேப்பர் உள்ளே நழுவும். இரும்பு முனையில் கம்பி உரசி எனாமல் கீறும். அன்றைக்குக் காப்பைச் சோதிக்கிற மெக்கர் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் காட்டும். ஐப்பசி மழை ஈரத்தில் ஒரு நாள் மிக்ஸியைத் தொட்ட பொம்பளைக்கு ஷாக் அடிக்கும். இது எந்த நோட்டில் இருக்கிறது? திருமங்கலம் அண்ணன் நோட்டில் இருக்கிறதா? இருக்காது. யாரும் இதை எழுதுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

சோறு குறையுமா என்ற கேள்விக்கு என் அனுபவம்: எங்கள் தெருவில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சித்திரை, வைகாசியில் ஃபேன் வேலை மூன்று பேருக்கும் முடித்துக் கொடுக்க முடியவில்லை. மார்கழியில் மூன்று பேருக்குமே வேலை இல்லை. முன்பு நான் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தேன், இப்போது மூன்று பேராகப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒரு லாபம் உண்டு. எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது வந்த வேலையை அவர்கள் முடித்துக் கொடுத்தார்கள், ஒரு வாடிக்கைக்காரரும் என்னை விட்டுப் போகவில்லை.

திருமங்கலம் வைண்டர்:

அக்கா, நீங்கள் சொன்னது சரி. பேப்பர் மடிப்பு என் நோட்டில் இல்லை. மடிப்பதை வீடியோ எடுத்துப் போட முடியுமா?

செல்லூர் அக்கா:

முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்துப் போடுகிறேன். பையன் பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், அவன்தான் எடுப்பான்.

ஐடிஐ தம்பி:

அண்ணே, நான் எலெக்ட்ரீசியன் இரண்டாம் வருஷம். இதுவரை என் கையால் முழுசாகக் கட்டியது ஒரே ஒரு மோட்டார். ஃபார்முலா தெரியும், ஆனால் எரிந்த மோட்டார் ஒன்றைக் கையில் கொடுத்தால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியாது. படிப்பு முடிந்ததும் திருப்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போவதா, இதிலேயே இறங்குவதா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இந்த இழையை இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம்: நீர்மூழ்கி மோட்டார் கணக்கும் நோட்டில் உண்டா?

திருமங்கலம் வைண்டர்:

உண்டு தம்பி, நாலாவது நோட்டு முழுக்க அதுதான். அதில் ஒரு வேடிக்கை. தண்ணீர் நிரம்பிய மோட்டாரில் கம்பிக்கு எனாமல் இல்லை, பிளாஸ்டிக் உறை. காயிலை வெளியே சுற்றி இறக்க முடியாது, ஒவ்வொரு சுற்றாக ஸ்லாட்டுக்குள் விட்டு இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். இழுக்க இழுக்க வாய்விட்டு எண்ணினால்தான் இரண்டு பேருக்கும் கணக்குத் தப்பாது. என் மேஸ்திரி துண்டு போட முடியாமல் போன ஒரே வேலை அது. நான் முதலில் முழுசாகக் கற்றுக்கொண்டதும் அதைத்தான்.

மில்லா, கடையா என்று நான் சொல்லக்கூடாது. லீவு நாளில் வந்து ஒரு மாதம் என் கடையில் உட்கார்ந்து பார். எரிந்த காயிலை உளியால் வெட்டி உருவுவதில் ஆரம்பி. சீக்கிரம் முடியும் என்று தீ வைத்து எரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கோர் தகடுகளுக்கு நடுவில் இருக்கிற பூச்சு போய்விடும், அப்புறம் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் சூடாகும். துண்டு தோளில்தான் கிடக்கும், பயப்படாதே.

கோரிப்பாளையம்:

யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனேன். மேலூர் ஐயா கேட்டதற்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஐந்தாவது கடை வந்தால் ஐந்தாகப் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் கொடிக்கால்காரர் ஐந்து நாள் அலைந்தாரே, அந்த ஐந்து நாளும் அந்த நாலு கடைக் கணக்கில் எங்கே வருகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

திருமங்கலம் வைண்டர்:

சரி. முதல் பக்கத்தைப் போட்டுவிட்டேன். எண்ணெய்க் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழரை ஹெச்பி, 36 ஸ்லாட், 4 போல், டபுள் லேயர், 19 கேஜ் இரட்டை, ஓரத்தில் ‘ம’. கோர் நீளம் சிவப்பு மையில் இருக்கிறது. மூலையில் ‘மேட்டுக் கிணறு’ என்று இருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம், அது எந்தத் தோட்டத்து மோட்டார் என்று எனக்காக எழுதியது. வாரத்துக்குப் பத்துப் பக்கம் போடுகிறேன். மூன்றாவது நோட்டில் ஆரம்பித்திருக்கிறேன்.

ஐடிஐ தம்பி:

அண்ணே, பிட்ச் என்ற இடத்தில் கறை பட்டிருக்கிறது. 1-8 ஆ, 1-9 ஆ? பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை.

திருமங்கலம் வைண்டர்:

எனக்கே தெரியவில்லை தம்பி. 8 மாதிரியும் இருக்கிறது, 9 மாதிரியும் இருக்கிறது. அந்த மோட்டார் இப்போது கிணற்று மேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிரித்தும் பார்க்க முடியாது. தெரிகிறவரை அந்தப் பக்கத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

நாற்பது வருஷக் கடை:

9. அந்த மாடலை நானும் கட்டியிருக்கிறேன், கம்பெனி வைண்டிங்கையே பிரித்து எண்ணியது. சுற்று உனக்கு 26, எனக்கும் 26தான். கோர் நீளத்தில் மட்டும் நீ ஐந்து மில்லிமீட்டர் கூட எழுதியிருக்கிறாய். கோரின் வெளி ஓரத்தில் அடித்திருக்கிற பட்டையையும் சேர்த்து அளந்திருப்பாய். அந்த மாடல் மறுபடி கைக்கு வரும்போது அளந்து திருத்து.